ராணிக்கு என்ன வேலை?

ஒரு ராணி காலையில் எழுந்ததும் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியை எங்கள் மாண்ட்ரியல் தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் ஒரு கோடைகாலம் முழுக்க அலசியிருக்கிறோம். ஒலிம்பிக்ஸைத் திறந்துவைக்க இங்கிலாந்து ராணி வந்துபோன வருஷம் அது. தொலைக்காட்சியில் அவர் கையசைத்ததைப் பார்த்துவிட்டு, "பூச்செண்டு வாங்கிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு பேரை நலம் விசாரிக்கிறது, போட்டோவுக்கு நிக்கிறது. வேற என்ன வேலை இருக்கும்?" என்றாள் சரளா. சங்கத் தலைவரின் மனைவி என்பதால் அவள் சொன்னால் அது தீர்ப்பு.

எங்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. எங்களிடமும் ஒரு ராணி இருந்தார். பெயர் தர்மவர்த்தினி நாச்சியார். தெற்கே நெடுங்கரை ஜமீன் வீட்டுப் பெண். கணவர் பாலசந்திரன் இதய மருத்துவர். கர்க்லாண்ட் புறநகரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார்கள். ஜமீனைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கு ஆகிவிட்டது, ஆனால் யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று எங்கள் ஆட்கள் அவரை 'ராணியம்மா' என்றே கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர்.

பட்டம் கொடுத்த பிறகு சும்மா விடுவோமா? ராணி என்றால் அள்ளிக் கொடுக்க வேண்டும், முன்வரிசையில் உட்கார வேண்டும், எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். இவர் எல்லோரையும்போலத்தான் கொடுத்தார். வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சில நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வரவேயில்லை. "திமிர்" என்றாள் சரளா. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

எனக்குத் திமிரில் அக்கறையில்லை. எனக்குக் காரணம் வேண்டும். பிறர் விஷயம் என்றால் அனுசூயாவுக்குக் கற்கண்டு என்று என் கணவர் மணிவாசகமே சொல்வார், அதில் பொய்யில்லை. பாலசந்திரன் குடும்பம் வான்கூவருக்குக் குடிபோன அன்று ராணியம்மா, "இனிமே யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோ" என்று உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் என் கண்ணை உறுத்தியது அவருடைய தலைமுடி. ஒரு பொங்கல் விழா. வெளியே மூச்சு விட்டால் மூக்கில் பனி கட்டும் குளிர். ராணியம்மா தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து நிற்கிறார், முடி நுனியில் ஐஸ் மின்னுகிறது. டாக்டர் வீட்டில் ஒரு ஹேர் டிரையர் இல்லையா? நான் பானையருகே கூப்பிட்டேன். "இல்லம்மா, நான் இங்கேயே நிக்கறேன்" என்று கதவோரம் நின்றுகொண்டார். சர்க்கரைப் பொங்கலை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்து, எங்கள் சங்கத்துச் சியாமளாவின் வளைகாப்பு. அந்தப் பெண் ஆசையாகக் கூப்பிட்டிருந்தாள். ராணியம்மா முதல் நாளே வளையல், பட்சணம் எல்லாம் அனுப்பிவிட்டு, விசேஷத்துக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையாம். மறுநாள் காலையில் பார்த்தால் வீட்டு வாசலில் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறார், மல்லன் மாதிரி.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த வெள்ளைத்துணி. செயின்ட் ஹூபர்ட் தெருத் துணிக்கடையில் ஒரு நாள் அவரைப் பார்த்தேன். வெள்ளைப் பருத்தித் துணியை நீளமாக வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறி, "ஜன்னல் திரைக்கு" என்றார். நான் அடுத்த வாரமே சாக்குச் சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன். எல்லா ஜன்னலிலும் பழைய நீலத் திரை. அன்றிலிருந்து எனக்கு மண்டை வெடித்துவிடும்போல இருந்தது.

எழுபத்தேழு நவம்பரில் தஞ்சை, திருச்சிப் பக்கம் புயல் அடித்தது. எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் சொந்தம். நிவாரணத்துக்காக டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு சர்ச்சின் கீழ்த்தள மண்டபத்தில் கச்சேரியும் சாப்பாடுமாக விழா வைத்தோம். யார் குத்துவிளக்கு ஏற்றுவது என்று பேச்சு வந்தபோது நான்தான், "ராணியம்மா" என்றேன். ஓர் இந்திய ராணி விளக்கேற்றுகிறார் என்றால் பிரெஞ்சுப் பத்திரிகைக்காரன் வருவான், படம் வரும், வெளியாட்களும் கொடுப்பார்கள். சரளா உதட்டைச் சுழித்தாள்.

"கடைசி நேரத்துல கழுத்தறுத்தா?"

"நான் கூட்டிட்டு வரேன். அவங்க விளக்கேத்தலைன்னா இந்தச் சங்கத்துல இனிமே நான் வாயைத் திறக்கலை."

இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். நான் வாயைத் திறக்காத சங்கம் என்றால் பலருக்குச் சந்தோஷம் என்பதும் எனக்குத் தெரியும். ராணியம்மாவிடம் போய்க் கேட்டேன். "புயலுக்குத்தானே? வரேன்" என்றார். பத்திரிகைக்காரனும் வருவதாகச் சொல்லிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை காலையில், அவர் என்ன பட்டு உடுத்தப்போகிறார் என்று பார்க்கும் சாக்கில் அவர் வீட்டுக்கு நடந்தேன். விளக்கு மூன்று மணிக்கு. என் கணவர் குழந்தைகளோடு நாற்காலி போட முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டார். ராணியம்மா காரின்மேல் இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கோட்டுக்குக் கீழே வெளுத்துப்போன நூல்சேலை. காரின் பின்சீட்டில் அந்த வெள்ளைத்துணி மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு நெஸ்கஃபே பாட்டில், அதில் காப்பித்தூள் இல்லை, பச்சரிசி.

"எங்கே போறீங்க?"

"ஒரு சின்ன வேலை. மூணு மணிக்குள்ள வந்துடுவேன், கவலைப்படாதே."

"நானும் வரேன்" என்று கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடாத இடத்துக்குப் போவது மரியாதையில்லைதான். ஆனால் ஒன்றரை வருஷத்துக் கேள்வி பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எவளால் இறங்க முடியும்?

அவர் சுரண்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு வண்டியை எடுத்தார். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"கப்பல்ல சமையல்காரர் ஒருத்தர். நம்ம நாட்டுக்காரர். நெஞ்சுவலின்னு துறைமுகத்துலேருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாங்க. வியாழக்கிழமை போயிட்டார். ஆத்துல ஐஸ் கட்டிடும்னு கப்பல் முன்னாடியே கிளம்பிடுச்சு. ஊர்ல இருக்கறவங்க, அங்கேயே காரியம் பண்ணிடுங்கன்னு தந்தி குடுத்துட்டாங்க. இன்னைக்குத் தகனம்."

"சுடுகாட்டுக்கா போறோம்? பொம்பளைங்களா?"

"நீதானே ஏறினே?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பது இதுதான். எங்கள் வீட்டில் பெண்கள் தெருமுனையைத் தாண்டிப் பிணத்தோடு போனதில்லை. ஆனால் பயத்தைவிடக் கேள்விதான் பெரிதாக இருந்தது.

"உங்களுக்கு அவர் என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லை. அதனாலதான் போறேன்." வண்டியை மலைப்பக்கம் திருப்பினார். "எங்க வீட்டுல பட்டம் கட்டறப்போ ராஜா கையில செங்கோல் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கோடித்துணி குடுப்பாங்க. ஊர்ல ஆளில்லாம யார் செத்தாலும் கோடி அரண்மனையிலேருந்து போகணும். துணி மட்டும் போனாப் போதாது. வீட்டு ஆள் ஒருத்தர் கூடப் போய், உறவு சொல்லி வாய்க்கரிசி போடணும். அப்பாவுக்கு ஆஸ்துமா. பாதி நாள் எங்கம்மாதான் போவாங்க. மூடு பல்லக்குல போய்ட்டு வருவாங்க, ஊருக்கே தெரியாது. ராணி கோயிலுக்குப் போறாங்கன்னு நினைச்சுப்பாங்க."

"ஜமீன்தான் போயிடுச்சே, ராணியம்மா."

"ஆமா. யானை, தோப்பு, சத்திரம் எல்லாத்தையும் அண்ணன் வித்துட்டார். இதை மட்டும் வாங்க ஆள் இல்லை."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாலசந்திரனின் ஆஸ்பத்திரிப் பாதிரியார் ஒருமுறை, உறவில்லாமல் இறந்த ஓர் இந்தியருக்கு என்ன பிரார்த்தனை செய்வது என்று அவரிடம் கேட்டாராம். அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். அன்றிலிருந்து பாதிரியார் நேராக ராணியம்மாவுக்கே போன் செய்கிறார். மாலுமி, மாணவன், யாரும் தேடாத நோயாளி என்று எத்தனையோ பேர்.

"இதையெல்லாம் ஏன் யார்கிட்டேயும் சொல்லலை? திமிர் பிடிச்சவங்கன்னு பேசறாங்களே!"

"திமிர்னா, திட்டிக்கிட்டே கூப்பிடுவாங்க. தீட்டுன்னா கூப்பிடவே மாட்டாங்க." சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குக் கல்யாணம், வளைகாப்புன்னா ரொம்பப் பிடிக்கும், அனுசூயா. இந்த ஊர்ல வேற என்ன இருக்கு? பிணத்துக்குப் போற கைன்னு தெரிஞ்சா, பச்சைக் குழந்தையை எவ என் கையில குடுப்பா?"

நான் கொடுத்திருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், அன்று காலை வரை கொடுத்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் அவர் அடுத்த குண்டைப் போட்டார். "மண்டபத்துக்கு வரேன். ஆனா விளக்கை என்னால ஏத்த முடியாது. சரளாவை ஏத்தச் சொல்லிடு."

"என்னது? பத்திரிகைக்காரன் உங்களுக்காக வரான்! குளிச்சா தீட்டுப் போயிடுமே!"

"சும்மா கூட நின்னா, குளிச்சாப் போச்சு. உறவு சொல்லி அரிசி போட்டா உறவுக்காரங்க தீட்டுதான். எங்க வீட்டு வழக்கப்படி மூணு நாள். விளக்கைத் தொடக்கூடாது, மங்கல காரியத்துல கை வைக்கக்கூடாது." அந்தப் பொங்கல் பானைக்கும் சியாமளாவின் வளைகாப்புக்கும் எனக்கு அந்த இடத்தில் விடை கிடைத்தது. ஆனால் அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. "உறவு சொல்ல ஒரு ஆள்தானே வேணும்?"

"ஒரு ஆள் போதும்."

"அப்போ நான் சொல்றேன். நீங்க சும்மா கூட நில்லுங்க. குளிச்சிட்டு வந்து விளக்கேத்துங்க. என் கையை யார் கேக்கப் போறாங்க?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். தந்திரக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தகனசாலையில் ஒரு சின்ன அறை. பாதிரியார் கதவருகே, "போன்ஷூர், மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி மெதுவாகக் கைகொடுத்தார். பெட்டி திறந்திருந்தது. நான் பார்க்கக் கூடாதென்றே இருந்தேன், பார்த்துவிட்டேன். அறுபதைத் தாண்டிய மனிதர். நரைத்த மீசை. அடுப்புச் சூடு பட்டுப் பட்டுக் கறுத்த கைகள். என்ன பாஷை பேசினார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ராணியம்மா துணியை விரித்து, தூங்குகிறவருக்குப் போர்த்துவதுபோலக் கழுத்துவரை போர்த்தினார். ஓரத்தைச் சரிசெய்தார். பிறகு பாட்டிலைத் திறந்து என் கையில் கொஞ்சம் அரிசி கொட்டினார்.

"என்ன உறவு சொல்லப்போறே? யோசிச்சுச் சொல்லு. பொய்யாச் சொல்லக்கூடாது."

நான் 'அண்ணன்' என்று சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். எனக்கு அண்ணன் கிடையாது, அதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்று கணக்கு. ஆனால் அந்த நரைத்த மீசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வாய் வேறு சொல்லைச் சொல்லிவிட்டது.

"அப்பா."

என் அப்பா குளித்தலையில் இறந்தபோது நான் இங்கே இரண்டாவது குழந்தையை எட்டு மாதம் சுமந்துகொண்டிருந்தேன். விமானத்தில் ஏறக்கூடாது என்றார்கள். தந்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரில் யார்யாரோ அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டார்கள். பெற்ற பெண் போடவில்லை. அந்த வருஷங்களில் அழ நேரமில்லாமல் போன அழுகையெல்லாம் அந்த அறையில் வந்தது. யாரோ ஒரு சமையல்காரரின் உதட்டில் அரிசியைப் போட்டுவிட்டு, பாதிரியார் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

ராணியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் ஓய்ந்ததும், பாட்டிலைச் சாய்த்துத் தன் கையில் அரிசியை எடுத்தார்.

"வேண்டாம், ராணியம்மா! நான்தான் சொல்லிட்டேனே!"

"நீ சொன்னது உன் அப்பாவுக்கு. இது என் வேலை." குனிந்தார். "மகனே" என்றார். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை அப்படிக் கூப்பிட்டது எனக்குக் கொஞ்சமும் வேடிக்கையாகத் தெரியவில்லை. அரிசியைப் போட்டு, மீசையில் ஒட்டிய ஒரு பருக்கையைத் துடைத்துவிட்டார்.

என் தந்திரம் அத்தோடு போயிற்று.

திரும்பி வந்து அவரவர் வீட்டில் குளித்து, பட்டு உடுத்தி, மண்டபத்துக்குப் போனபோது மூன்று மணி தாண்டிவிட்டது. கூட்டம் நிறைந்திருந்தது. மேடையில் குத்துவிளக்கு எண்ணெயும் திரியுமாகக் காத்திருந்தது. பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தான். ராணியம்மா வாசலிலேயே சரளாவிடம் கைகூப்பி, "தப்பா நினைச்சுக்காதீங்க, இன்னைக்கு நான் விளக்கேத்தற மாதிரி இல்லை. நீங்க ஏத்துங்க" என்றார்.

"ஏன்?"

"முடியாதும்மா."

அவ்வளவுதான் சொன்னார். நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பட்டுக் கம்பளம் விரிக்கலைன்னு கோபமோ?" என்று ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். என் தொண்டைக்குள் எல்லாம் திரண்டு நின்றது: சமையல்காரர், வெள்ளைத்துணி, நெஸ்கஃபே பாட்டில். ஒரே ஒரு வாக்கியம் போதும், சிரித்தவர்கள் தலைகுனிவார்கள். அப்படியே ராணியம்மாவின் வளைகாப்புகளும் கல்யாணங்களும் முடிந்துபோகும். முன்வரிசையில் சியாமளா ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சரளா சும்மா இருக்கவில்லை. என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். "கூட்டிட்டு வரேன்னு சவால் விட்டது நீதானே? ராணி இல்லைன்னா நீயே ஏத்து. அந்தக் கேமராக்காரனுக்குப் படம் எடுக்கப் பட்டுப்புடவை கட்டின யாராவது ஒருத்தி இருந்தாப் போதும்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த விளக்கை ஏற்ற எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா? ஒவ்வொரு விழாவிலும் சரளாவின் கையில் மெழுகுவர்த்தியைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். இன்று அது என் கைக்கே வந்துவிட்டது, படத்தோடு. மேடையின் ஓரத்தில் என் கணவர் பெருமையாகத் தலையாட்டுகிறார். ஏற்றினால் யாருக்குத் தெரியும்? கடைசி வரிசையில் இருக்கும் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

கூட்டத்துக்கு நடுவே ராணியம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் முடிவில் தலையிடக்கூடாது என்பதுபோலத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா என்று வாயால் சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யில்லை.

"என்னால முடியாது, சரளா."

"உனக்குமா? ஏன்?"

"முடியாது."

மெழுகுவர்த்தியை அவள் கையிலேயே திணித்துவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் கேமரா பளிச்சிட்டது. சரளா விளக்கேற்றினாள். கைதட்டினார்கள். என் கணவர் என்னருகே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு நாள் ராணிகூடச் சுத்தினதுக்கே உனக்கும் தலைக்கனமா?" என்று கேட்டார்.

பதினாலு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர். வலித்தது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கடைசி வரிசையை நோக்கி நடந்தேன். ராணியம்மா மடியிலிருந்த கோட்டை எடுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார்.